இடம் சொல்லாமல் ஒரு மலைப்பயணம்: செட்டிநாட்டிலிருந்து கொடைக்கானலுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து, அப்பத்தா முதல் ஆறு வயதுப் பிள்ளை வரை 11 பேரை, எங்கே போகிறோம் என்பதைச் சொல்லாமலே இரண்டு முறை கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல் பயணம் பாழாகாமல் தப்பியதே பெரிது. இரண்டாவது நன்றாக அமைந்தது. அதன்பின் பங்காளிகளும் சம்பந்தி வீட்டாரும் என்னிடம் கேட்ட கேள்விகளை விடைகளோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் பயணத்தில் அப்படி என்ன தவறு நடந்தது?

அப்பச்சிக்கு எழுபது நிறைந்த ஆண்டு அது. தந்தையை நாங்கள் அப்பச்சி என்றுதான் அழைப்போம். அவருக்குத் தெரியாமல் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையில், பிள்ளையார்பட்டிக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லி வேனில் ஏற்றினேன். அப்பத்தா விடியற்காலையிலேயே குளித்து, எதுவும் சாப்பிடாமல், தேங்காய் பழத்தட்டோடு வந்து அமர்ந்துவிட்டார். பிள்ளையார்பட்டி விலக்கில் வண்டி நிற்காமல் திருப்பத்தூரை நோக்கிப் போனதும், சன்னல் வழியே கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "பிள்ளையாரையே ஏமாத்திப்புட்டு எங்கப்பா கூட்டிப் போற?" என்று கேட்டார். வண்டியில் யாரும் சிரிக்கவில்லை.

மீதித் துன்பங்கள் மலைமேல் காத்திருந்தன. ஒரு நாள் பயணம் என்று நம்பி வந்தவர்களிடம் மாற்றுடை இல்லை. குளிருக்கு ஒரு சால்வைகூட இல்லை. அப்பத்தா உடுத்தியிருந்தது மெல்லிய பருத்திச் சேலை. அப்பச்சியின் இரத்த அழுத்த மாத்திரைகள் பெட்டகசாலை அலமாரியில் இருந்தன, மாத்திரையின் பெயரோ அவருக்கு நினைவில் இல்லை. பக்கத்து வீட்டுப் பங்காளி ஒருவர் எங்கள் வீட்டைத் திறந்து, மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் மருந்துக்கடையில் வாங்க முடிந்தது. அன்று இரவு முழுவதும் என் மகிழ்ச்சிக்காகத்தான் இவர்கள் எல்லோரும் குளிரில் நடுங்குகிறார்களோ என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அப்படியானால் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது?

இடத்தை மட்டும் மறையுங்கள், நாளை மறைக்காதீர்கள். இன்ன தேதியில் புறப்படுகிறோம், மூன்று நாள் வெளியூரில் தங்குகிறோம், மாத்திரையும் மாற்றுடையும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள் என்று பத்து நாள் முன்னதாகவே சொல்லிவிடலாம். இதனால் வியப்பு குறைந்துவிடும் என்று நானும் முன்பு அஞ்சினேன். நடந்தது நேர்மாறு. இராமேசுவரமாக இருக்கும், குற்றாலமாக இருக்கும் என்று அந்தப் பத்து நாளும் வீட்டில் பந்தயம் நடந்தது. அதுவே பயணத்தின் பாதி இன்பமாயிற்று. வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுக்கவும், படிக்கிற பிள்ளைகளின் தேர்வு நாள்களைச் சரிபார்க்கவும் வேறு வழியும் இல்லை.

வீட்டில் ஒருவருக்குக்கூடத் தெரியாமல் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் வேண்டாம். சாவிக்கொத்தை யார் வைத்திருக்கிறாரோ அவருக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது ஆத்தா. யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு மூட்டுவலி, யாருக்கு வண்டியில் குமட்டும், எந்த நாளில் யாருக்கு விரதம் என்பதெல்லாம் தாய்க்குத் தெரிந்த அளவுக்கு மகனுக்குத் தெரிவதில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டாவதாக அறிய வேண்டியவர் ஓட்டுநர். அவரிடம் இடத்தை மட்டும் சொன்னால் போதாது. மலைப்பயணத்துக்கு உண்டான கூடுதல் வாடகையையும் பேட்டாவையும் முன்கூட்டியே தனியாகப் பேசி முடித்துவிட வேண்டும். இல்லையெனில், எல்லோரும் வண்டியில் ஏறி அமர்ந்த பிறகு, "மலைக்குத் தனிப் பேட்டாண்ணே" என்று அவர் வாசலில் நின்று கேட்டுவிடுவார்.

குழந்தைகளிடம் சொல்லாதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

வேறு ஏதாவது காரணம் சொல்லி அழைத்துப் போகலாமா?

கோயிலைக் காரணம் சொல்லாதீர்கள். ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன். திருமணம் என்று சொன்னால் பட்டுச்சேலையும் நகையும் வரும். தங்கும் அறையில் நகையைக் காப்பது உங்கள் வேலையாகிவிடும். யாருக்கோ உடல்நலமில்லை என்று சொல்வதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். வழியெல்லாம் பெரியவர்கள் படும் மனவேதனைக்கு மலைமேல் கிடைக்கும் எந்தக் காட்சியும் ஈடாகாது. பொய்யே தேவைப்படாத ஏற்பாடுதான் நல்லது.

ஊட்டி, மூணாறு, சிறுமலை எல்லாம் இருக்கும்போது ஏன் கொடைக்கானல்?

தொலைவு முதற்காரணம். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 200 கிலோமீட்டர். அதிகாலையில் புறப்பட்டால் மதிய உணவுக்குள் மலைமேல் இருக்கலாம். ஊட்டியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைரயில் இருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் அந்த ரயிலுக்கு 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதியும் கிடைத்தது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை. ஆனால் எண்பது வயதைத் தாண்டியவரை ஒரே நாளில் அவ்வளவு தொலைவு உட்கார வைத்து அழைத்துப் போவது கடினம். திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலை ஒருநாள் பயணத்துக்கு ஏற்றது. 18 கொண்டையூசி வளைவுகளில் ஏறி இறங்கிவிடலாம். பெரிய குடும்பம் இரண்டு இரவு தங்குவதற்குக் கொடைக்கானலே வசதி.

இரயிலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: நம் ஊர் இருப்புப்பாதை திருச்சிக்கும் மானாமதுரைக்கும் இடையே செல்வது; கொடைரோடு நிலையமோ திண்டுக்கல் மதுரைப் பாதையில் உள்ளது. அங்கு இறங்கினாலும் மலையுச்சிக்கு இன்னும் 80 கிலோமீட்டர் சாலையில்தான் போக வேண்டும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மே மாதத்தில் நம் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தொடும்போது கொடைக்கானலில் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆகவே எல்லோருக்கும் அந்த மாதம்தான் நினைவுக்கு வருகிறது. எல்லோருக்கும் வருவதாலேயே அறை வாடகை ஏறி, ஏரிச்சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. பிரையண்ட் பூங்காவின் மலர்க்கண்காட்சி அந்த மாதத்தில் நடப்பதால் அதைப் பார்க்க விரும்புவோர் நெரிசலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் முற்பகுதி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மலைச்சாலையில் மண்சரிவுக்கும் அடர்ந்த மூடுபனிக்கும் இடமுண்டு. என்னைக் கேட்டால், பிப்ரவரி இறுதியும் மார்ச்சும் பெரியவர்களுக்கு ஏற்ற காலம் என்பேன்; பிள்ளைகளின் தேர்வுதான் குறுக்கே நிற்கும்.

அரையாண்டு விடுமுறையில் போக நினைக்கும் நகரத்தார் வீடுகள் நாள்காட்டியை இரண்டு முறை பார்க்க வேண்டும். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பு பெரும்பாலும் அந்த நாள்களை ஒட்டியே அமைகிறது. அன்று இரவு குடும்பத்தோடு வீட்டில் கூடி இழை எனப்படும், திரியிட்டுச் சுடரேற்றிய மாவுப் பிள்ளையாரை எடுத்துக்கொள்ளாமல், மலைமேல் விடுதி அறையில் இருப்பதை எந்த அப்பத்தாவும் ஏற்க மாட்டார். குலதெய்வப் படைப்பு நாளையும் இவ்வாறே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இ-பாஸ் வாங்கினால் இரகசியம் வெளிப்பட்டுவிடாதா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடைப் பருவத்தில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. பருவத்துக்குப் பருவம் விதிகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு இ-பாஸ் தேவையில்லை.

வாகன எண், பயணிகளின் எண்ணிக்கை, தங்குமிடம் ஆகிய விவரங்களோடு உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து நீங்களே பதிவு செய்துகொண்டால் செய்தி உங்களுக்கு மட்டுமே வரும். இ-பாஸைவிட ஆபத்தானது விடுதிக்கு முன்பணம் கட்டியதும் வரும் வங்கிக் குறுஞ்செய்தி. எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக எல்லாக் கணக்கும் அப்பச்சியின் கைப்பேசி எண்ணோடுதான் இணைக்கப்பட்டிருக்கின்றன.

இடத்தை எந்தக் கட்டத்தில் அறிவிக்க வேண்டும்?

வத்தலக்குண்டைத் தாண்டி மலைச்சாலை தொடங்கியதும் அறிவிப்பதுதான் அழகு என்று பலரும் நினைக்கிறார்கள். அது தாமதம். பயணக் குமட்டலுக்கான மாத்திரையை மலையேறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். வளைவுகள் தொடங்கிய பிறகு விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். ஆகவே திண்டுக்கல்லில் காலை உணவின்போது சொல்லிவிடுங்கள். அங்கிருந்து செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு சுமார் 35 கிலோமீட்டர். மாத்திரை வேலை செய்யத் தேவையான நேரம் அந்தத் தொலைவில் கிடைத்துவிடும்.

எப்படியும் செம்பட்டியைத் தாண்டியதும் வழிகாட்டிப் பலகைகள் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை வண்டியில் இருந்தால் அதற்கு முன்பே.

வாந்தி, காதடைப்பு ஆகியவற்றை எப்படிச் சமாளிப்பது?

மலையேறும் முன் எண்ணெய்ப் பலகாரமும் வயிறு நிறைய உணவும் வேண்டாம்; வெறும் வயிறும் வேண்டாம். நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி என்பதே எங்கள் கணக்கு. குமட்டல் வருபவர்களை முன்னிருக்கையில் அமர்த்தி, கைப்பேசியைப் பார்க்காமல் தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். உடல் அசையும்போது கண் மட்டும் அசையாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், காதும் கண்ணும் மூளைக்கு முரண்பட்ட செய்தி அனுப்புவதே குமட்டலுக்குக் காரணம். மாத்திரை சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும். ஓட்டுநருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் போதும்.

வயதானவர்களுக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைநோய் எனப்படும் தொல்லை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் நலமாக உள்ள பெரியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். இதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே புறப்பட வேண்டும். அவர்களிடம் இடத்தை மறைப்பதும் முறையன்று. அறிந்து ஒப்புக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

குளிருடைகளை யாருக்கும் தெரியாமல் எடுத்துச் செல்வது எப்படி?

செட்டிநாட்டு வீட்டில் ஸ்வெட்டரை வெளியே எடுத்து உலர்த்தினாலே இரகசியம் முடிந்தது. எனவே நான் சால்வை, குல்லா, காலுறை ஆகியவற்றை ஒரு பெட்டியில் அடைத்து, இரண்டு நாள் முன்பே ஓட்டுநர் வீட்டில் வைத்துவிட்டேன். அளவு தெரியாத பிள்ளைகளுக்கு மட்டும் மலைமேல் வாங்கிக்கொள்ளலாம். அப்பத்தாவுக்குக் காலுறை அணிந்து பழக்கமே இல்லை. முதல் நாள் மறுத்தார். இரண்டாம் நாள் இன்னொரு சோடி கேட்டார்.

அறை பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

படிக்கட்டு. மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் தரைத்தளம் என்று சொல்லப்படுவதுகூடச் சாலையிலிருந்து முப்பது படி கீழே இருக்கலாம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறை வரை எத்தனை படிகள் என்று தொலைபேசியில் கேட்டு எண்ணிக்கையாகவே பதில் வாங்குங்கள். வெந்நீர் நாள் முழுவதும் வருமா, குறித்த நேரத்தில் மட்டுமா என்பதையும் கேளுங்கள்.

குளிர் தாங்காமல் மூடிய அறைக்குள் கரியடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. எரியும் கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர் எழ மாட்டார். கூடுதலாக ஒரு கம்பளி கேட்டு வாங்குங்கள்.

உணவுக்கு என்ன செய்வது?

வழிக்குப் புளியோதரையும் பருப்புத் துவையலும் கட்டிக்கொண்டால் போதும். சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை ஆகியவற்றை நெகிழிப்பையில் கட்டாதீர்கள். மலைப்பகுதியில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கும் சிறிய தண்ணீர்ப் புட்டிகளுக்கும் தடை உண்டு, சோதனைச்சாவடியில் பறிமுதல் செய்வார்கள். எவர்சில்வர் தூக்கும் பனையோலைக் கொட்டானும் நம் வீடுகளில் இல்லாத பொருள்களா? வெள்ளி நீர்வீழ்ச்சி அருகில் வண்டியை நிறுத்தும்போது மட்டும் கொட்டானை வெளியே காட்டாதீர்கள். அங்குள்ள குரங்குகள் சீடையின் அருமை அறிந்தவை.

சமையலறையுள்ள தனி வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் குக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக நேரமாகும். ஆத்தா அரிசியைத்தான் குறை சொல்வார்.

அங்கே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். மதுரை ஆட்சியராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய ஏரியைச் சுற்றி ஒரு மாலை, 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் நடைபாதையில் ஒரு காலை, இடையில் தூண்பாறை. மேகம் மூடியிருந்தால் தூண்பாறையில் ஒன்றும் தெரியாது. காத்திருந்தால் ஒருவேளை விலகும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஊருக்குள்ளேயே காட்டுமாடுகள் நடமாடுவதால் மாலைக்குப் பிறகு பிள்ளைகளைத் தனியே வெளியே விடாதீர்கள்.

நம் பக்கத்துப் பெரியவர்களை அவசியம் அழைத்துப் போக வேண்டிய இடம் குறிஞ்சியாண்டவர் கோயில். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியும் மேலைநாட்டவராகப் பிறந்து சைவத்தைத் தழுவியவருமான லீலாவதி இராமநாதன் 1936இல் எழுப்பிய கோயில் அது. 12 ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியின் பெயர் தாங்கியது. சென்ற முறை 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து வடக்கே பழனிமலை தெரியும். தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் மரபில், அப்பத்தாவும் இளமையில் நடந்தவர். கைத்தாங்கலாக நிறுத்தி, அதோ பழனி என்று காட்டியபோது, அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் நடந்து போனப்ப மலை உசரமா இருந்துச்சு, இப்ப எனக்குக் கீழ இருக்கே" என்றார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டைப் பூட்டிவிட்டு வரத் தயங்குகிறார்களே?

முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நீளும் வீட்டை மூன்று நாள் பூட்டி வைப்பது பெரியவர்களுக்கு எளிதன்று. சாமி வீட்டில் விளக்கு ஏற்றாமல் விடுவது அதைவிடக் கடினம். மாலை விளக்குக்கு ஒரு பங்காளியிடம் முன்பே சொல்லி வைத்து, அந்த ஏற்பாட்டைப் பயணத் தேதியை அறிவிக்கும்போதே சேர்த்துச் சொல்லுங்கள். பாதித் தயக்கம் அங்கேயே நீங்கும்.

யாராவது வர மறுத்தால்?

விட்டுவிடுங்கள். கட்டாயப்படுத்தி அழைத்து வரப்பட்டவர் ஒருவர் போதும், மற்ற பத்துப் பேரின் பயணத்தைக் கெடுக்க.

பழனி வழியாகத் திரும்பலாமா?

திரும்பலாம். கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை வரை வந்த வழியே வந்து, அங்கிருந்து பழனிச் சாலையில் பிரிய வேண்டும். மொத்தம் 64 கிலோமீட்டர். வளைவுகள் அதிகம் என்பதால் பகலிலேயே இறங்கிவிடுங்கள். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விடாமல் தாழ்ந்த கியரிலேயே வரவும், ஏறிவரும் வண்டிக்கு வழிவிடவும் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். பழனிக்குப் போவதாக இருந்தால் அன்று காலை முதல் அசைவம் வேண்டாம்.

இரண்டாவது பயணத்தில் நாங்கள் அவ்வாறே திரும்பினோம். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. பெருமாள்மலையில் வண்டி வேறு சாலையில் திரும்பியதும் அப்பத்தா என்னைப் பார்த்து, "இந்தத் தடவை நிப்பாட்டுவியா, மாட்டியா?" என்று மட்டும் கேட்டார். நிறுத்துவேன் என்றேன்.